செயலியில் 90, விடைத்தாளில் 40: திரையில் போடும் கணக்கு எப்போது மனதில் தங்கும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: மகள் ஏழாம் வகுப்பு. ஒரு வருடமாக டேப்லெட்டில் கணக்குப் பயிற்சிச் செயலியில் தினமும் போடுகிறாள். செயலி 90 சதவீதம் சரி என்கிறது, ஒவ்வொரு பாடமும் பச்சையாகி 'முடிந்தது' என்று காட்டுகிறது. பள்ளித் தேர்விலோ 40ஐத் தாண்டவில்லை. செயலியை நிறுத்திவிடலாமா, விலை கூடிய இன்னொன்றுக்கு மாறலாமா, இல்லை செயற்கை நுண்ணறிவிடமே விட்டுவிடலாமா? எந்தச் செயலி நல்லது என்று கேட்பதுபோல இருந்தாலும் உங்கள் கவலை அது இல்லை என்று நினைக்கிறேன். திரையில் தெரியும் அந்த 90க்கு என்ன அர்த்தம், அதில் எவ்வளவு பிள்ளைக்குள் போயிருக்கிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். நான் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்குப் பல வருடங்களாகக் கணக்கு எடுப்பவன். மென்பொருள் வைத்துப் பாடம் நடத்துவதும் மற்ற ஆசிரியர்களுக்கு அதைப் பழக்குவதும் என் வேலையில் சேர்ந்தவை. உங்கள் மகளின் விடைத்தாளை நான் பார்க்கவில்லை, ஆகவே அவளைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் அனுமானம். பொதுவாகச் சொல்வதில் எது உறுதி, எது இன்னும் தீராத விஷயம் என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

இந்த முரண்பாடு செயலிகளோடு வந்தது இல்லை. 1973இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனோடு உட்கார்ந்து பேசிப் பேசி ஒரு கட்டுரை எழுதினார். கட்டுரையில் அவன் பெயர் பென்னி. அவன் படித்த திட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் பயிற்சித் தாள்களைப் போட்டு, விடைக்குறிப்போடு ஒப்பிட்டுத் திருத்தி, சோதனையில் 80 சதவீதம் வாங்கினால் அடுத்த படிக்குப் போகலாம். இன்றைய செயலிகளின் அமைப்பேதான், காகிதத்தில் இருந்தது, அவ்வளவுதான். பென்னி சராசரிக்கு மேலே, நன்றாக முன்னேறுகிற மாணவன் என்றே கருதப்பட்டான். ஆனால் 2/10ஐத் தசமமாக எழுதச் சொன்னபோது 1.2 என்றான். 5/10 என்றால் 1.5. தொகுதியையும் பகுதியையும் கூட்டி நடுவில் ஒரு புள்ளி வைப்பது அவனாகக் கண்டுபிடித்த விதி. அந்த விதிப்படி 4/11ம் 11/4ம் இரண்டுமே 1.5 ஆகின்றன. அது அவனுக்கு உறுத்தவே இல்லை. விடைக்குறிப்போடு ஒத்துப்போகாதபோது, தன் விடையும் சரிதான், குறிப்பில் அதே விடை வேறு உருவத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டான். விடைக்குறிப்பில் இருப்பதைத் துரத்திப் பிடிப்பதுதான் கணக்கு என்று அவன் மனதில் படிந்துவிட்டது.

கணக்குச் சொல்லித்தருகிற ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்வது பென்னியின் கதையைத்தான். விடை சரி என்பதும் யோசனை சரி என்பதும் வேறு வேறு. பெரும்பாலான செயலிகள் விடையை மட்டுமே பார்க்கின்றன. ஒரு சின்ன உதாரணம். 0.4, 0.75 இரண்டில் எது பெரியது என்று செயலி கேட்கிறது. பிள்ளை 0.75ஐத் தொடுகிறாள், பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் அவள் மனதில் ஓடியது '75 பெரியது, 4 சின்னது' என்பதாக இருக்கலாம். இதையே 0.4, 0.35 என்று கேளுங்கள். புள்ளிக்குப் பின்னால் இலக்கம் அதிகம் இருந்தால் எண் பெரியது என்று நம்புகிற பிள்ளை 0.35ஐத்தான் சொல்லும். முதல் கேள்வியைப் போல நூறு கொடுத்தாலும் நூறும் சரியாக வரும், தவறு வெளியே வராது. இரண்டாவது மாதிரி ஒன்றே ஒன்று போதும். அதேபோல 8 + 4 = ☐ + 5 என்று எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொல்லிப் பாருங்கள். 12 என்றோ 17 என்றோ எழுதினால், சமக்குறி என்றால் 'இதோ விடை' என்று மட்டும் அவள் புரிந்துவைத்திருக்கிறாள், இரண்டு பக்கமும் சமம் என்ற எண்ணம் வரவில்லை. இந்தப் பிழை உலகம் முழுக்க உள்ளது, ஆய்வுகளில் நன்றாகப் பதிவானது. அதோடு ஒரு பிள்ளை ஏழாம் வகுப்புச் சமன்பாடுகளுக்கு வந்தால் எந்தச் செயலியும் அதன் மேல் எதையும் கட்ட முடியாது.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பிள்ளைகள் செயலியையே படித்துவிடுகிறார்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடு, தவறென்றால் அடுத்ததைத் தொடு. குறிப்பு என்ற பொத்தானை மூன்று முறை அழுத்தினால் கடைசிக் குறிப்பில் விடையே வந்துவிடும், அதைப் பார்த்து எழுதிவிடலாம். பின்னால் நின்று பார்த்தால் விரல் எவ்வளவு வேகமாக அந்தப் பொத்தானுக்குப் போகிறது என்று தெரியும். கேள்வியைப் படித்து முடிக்கக்கூட நேரமாகியிருக்காது. இதைக் கணினிவழிக் கற்றல் ஆய்வாளர்கள் இருபது வருடங்களாகக் கவனித்து வருகிறார்கள். இப்படிச் செய்யும் மாணவர்கள் குறைவாகவே கற்கிறார்கள் என்பது பலமுறை காட்டப்பட்ட விஷயம். பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. பரிசும் நட்சத்திரமும் விடைக்குத்தான் என்றால், விடைக்கான குறுக்குவழியை எந்தக் குழந்தையும் கண்டுபிடிக்கும்.

இரண்டாவது காரணம்தான் உங்கள் வீட்டில் நடக்கிறது என்பது என் ஊகம். செயலியில் பாடம் திறக்கும்போதே மேலே தலைப்பு இருக்கிறது: 'பின்னங்களின் வகுத்தல்'. கீழே உள்ள பதினைந்து கணக்கும் பின்ன வகுத்தல்தான். என்ன செய்ய வேண்டும் என்று அவள் யோசிக்கவே தேவையில்லை, தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வுத்தாளில் தலைப்பு கிடையாது. 'முக்கால் மீட்டர் கயிற்றை எட்டில் ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டினால் எத்தனை துண்டு' என்றால், பெருக்குவதா, வகுப்பதா, கழிப்பதா என்று முடிவெடுப்பதே கணக்கில் பாதி. அந்தப் பாதியை அவள் ஒரு வருடமாகச் செய்யவே இல்லை. 2020இல் வெளியான டக் ரோரர் குழுவின் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஏழாம் வகுப்புப் பிரிவுகள் 54ஐ எடுத்து, பாதிப் பேருக்கு ஒரே வகைக் கணக்குகளை அடுக்கிய பயிற்சித் தாள்களும், மீதிப் பேருக்கு வகைகளைக் கலந்த தாள்களும் சில மாதங்கள் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் வைத்த தேர்வில் கலந்து போட்டவர்கள் சராசரியாக 61 சதவீதம், அடுக்காகப் போட்டவர்கள் 38. இது காகிதத்தில் நடந்த ஆய்வு. திரைக்கும் பொருந்தாது என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஆகவே செயலியை நிறுத்துவதற்கு முன்னால் அதைப் பயன்படுத்தும் முறையை மாற்றுங்கள். கலவைத் திருப்புதல் என்றோ பொதுப் பயிற்சி என்றோ ஏதாவது ஒரு பகுதி இருக்கும், அதைத் திறக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இன்றைய பாடத்தில் நான்கு, போன மாதப் பாடத்தில் மூன்று, போன வருடப் பாடத்தில் மூன்று என்று நீங்களே கேள்விகளைப் பொறுக்கி, தலைப்பில்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மார்க் உடனே குறையும். செயலியின் பச்சை நிறம் மஞ்சளாகும், பிள்ளை சலித்துக்கொள்வாள். முதல் இரண்டு மூன்று வாரம் அப்படித்தான் இருக்கும். கஷ்டமாக இருப்பதால் கற்கவில்லை என்று தோன்றும், ஆனால் நடப்பது நேர் எதிர். இதை அவளிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் தொழில்நுட்பத்தால் உண்மையில் நன்மை உண்டா என்றால், உண்டு. ஆனால் கருவியை வாங்கிக் கொடுப்பதால் வருவது இல்லை அது. பெருவில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு மடிக்கணினி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2012இல் வெளியானது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை. அதற்கு மாறாக அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஏழாம் வகுப்பு வீட்டுப்பாடத்தை அசிஸ்ட்மென்ட்ஸ் என்ற இணையக் கருவியில் போடவைத்து, 43 பள்ளிகளில் பார்த்தார்கள். 2016இல் வந்த முடிவு நல்ல முன்னேற்றத்தைக் காட்டியது. அதில் இருந்தது இவ்வளவுதான்: பிள்ளை போட்டவுடன் சரியா தவறா என்று தெரிகிறது, காலையில் ஆசிரியருக்கு யார் எந்தக் கணக்கில் தடுமாறினார்கள் என்ற பட்டியல் கிடைக்கிறது, அவர் வகுப்பில் அந்தக் கணக்கையே எடுத்துப் பேசுகிறார். டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து நடந்த ஆய்வும் முக்கியமானது. 2019இல் வெளியானது. பள்ளி முடிந்தபின் மையத்துக்கு வந்த நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் 4.5 மாதத்தில் கணக்கில் கணிசமாக முன்னேறினார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் தங்கள் வகுப்புக்குப் பல வகுப்புகள் பின்னால் இருந்தார்கள். மென்பொருள் அவர்களுடைய வகுப்பைப் பார்க்காமல் அவர்கள் உண்மையில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கியது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒரு ஆசிரியரால் இதைச் செய்ய முடியாது, கணினியால் முடியும். ஆனால் அந்த மையத்தில் நேரத்தில் பாதி மென்பொருளுக்கு, மீதிப் பாதி சிறு குழுவாக மனிதர் சொல்லித்தருவதற்கு. ஆக, முன்னேற்றம் முழுவதையும் மென்பொருளின் பெயரில் எழுத முடியாது. விளம்பரங்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பொறுமைக்காக. காக்னிட்டிவ் டியூட்டர் என்ற இயற்கணித மென்பொருளை அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் இரண்டு வருடம் சோதித்தது. உயர்நிலைப் பள்ளிகளில் முதல் வருடம் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. இரண்டாம் வருடம் இருந்தது. மென்பொருள் மாறவில்லை. ஆசிரியர்கள் அதைத் தங்கள் பாடத்தோடு சேர்க்கப் பழகியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு, ஆய்வு அதை நிரூபிக்கவில்லை. மாதத்துக்கு ஒரு செயலி மாற்றும் பெற்றோரிடம் இந்த ஆய்வைத்தான் சொல்வேன்.

இதுவரை சொன்னது பயிற்சி பற்றி. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கணினியால் மட்டுமே முடிகிற ஒன்று இருக்கிறது: வரைந்த படத்தைப் பிடித்து இழுப்பது. ஜியோஜீப்ரா என்ற மென்பொருளை மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது தொடங்கினார். இன்று மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது, கைப்பேசியிலும் ஓடும். அதில் ஒரு நாற்கரம் வரையச் சொல்லுங்கள், எப்படி வேண்டுமானாலும், கோணல்மாணலாக. நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் குறித்து வரிசையாக இணைக்கச் சொல்லுங்கள். உள்ளே ஓர் இணைகரம் வரும். 'உன் படத்தில் தற்செயலாக வந்திருக்கும்' என்று சொல்லுங்கள். அவள் ஓர் உச்சியைப் பிடித்து இழுப்பாள். நாற்கரம் நீளும், குட்டையாகும், உள்ளே இருப்பது இணைகரமாகவே இருக்கும். இன்னும் இழுத்து ஓர் உச்சியை உள்பக்கம் தள்ளிக் குழிவாக்குவாள். அப்போதும் இணைகரம். பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்படி இழுத்தாலும் அப்படியே. இந்த இடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். 'ஏன்?' என்ற கேள்வியை நாம் கேட்க வேண்டியதில்லை, அதுவாகவே வரும். அப்போது ஒரு மூலைவிட்டத்தை வரையச் சொல்லுங்கள். படம் இரண்டு முக்கோணமாகப் பிரியும். ஒரு முக்கோணத்தின் இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாவது பக்கத்துக்கு இணை, நீளத்தில் பாதி. இரண்டு முக்கோணத்திலும் அந்த மூன்றாவது பக்கம் ஒரே மூலைவிட்டம். ஆகவே உள்ளே வந்த படத்தின் எதிரெதிர் பக்கங்கள் இரண்டும் அதற்கு இணை, அதில் பாதி. முடிந்தது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் வாரினோனின் பெயரில் வழங்கும் இந்தத் தேற்றம் 1731இல் அச்சானது. கரும்பலகையில் நானும் இதை நடத்தியிருக்கிறேன், நிரூபணம் ஒன்றேதான். ஆனால் தான் இழுத்து உடைக்கப் பார்த்து உடையாத ஒன்றுக்குக் காரணம் தேடும் பிள்ளைக்கும், பலகையில் இருப்பதை நோட்டில் எழுதும் பிள்ளைக்கும் அந்த நிரூபணம் ஒன்று கிடையாது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. திரையில் பார்த்ததை நிரூபணம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அதை உடைக்கவும் அதே மென்பொருள் உதவும். ஒரு முக்கோணம் வரைந்து மூன்று கோணங்களையும் ஒரு தசம இடத்துக்குக் காட்டச் செய்யுங்கள். உச்சிகளை இழுத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் 47.3, 61.3, 71.5 என்று நிற்கலாம். கூட்டினால் 180.1! கோணங்களின் கூடுதல் 180 என்ற விதி பொய்யா? உள்ளே இருப்பது 47.26, 61.26, 71.48. ஒவ்வொன்றையும் திரை முழுமையாக்கியதால் வந்த வித்தியாசம். இதை ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளை, அளந்து பார்ப்பதற்கும் நிரூபிப்பதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதை மறக்காது. தோராயமாக்கல் பாடமும் கூடவே முடிந்துவிடும்.

இழுத்து விளையாடுவதில் ஒரே ஒரு ஒழுங்கு வேண்டும்: இழுக்கும் முன் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும், முடிந்தால் எழுத வேண்டும். டெஸ்மோஸ் என்ற வரைபடக் கருவியும் இணையத்தில் இலவசம். அதில் y = mx என்று அடித்து mக்கு ஒரு ஸ்லைடர் (இழுத்தால் m-இன் மதிப்பு மாறும் பொத்தான்) வைத்து இழுத்தால் கோடு சுற்றும். பார்க்க அழகு. இரண்டு நிமிடம் சுற்றிவிட்டுப் பிள்ளை எழுந்து போய்விடும், ஒன்றும் தங்காது. அதற்குப் பதில், ஸ்லைடரைத் தொடாமல் 'm 2 என்றால் கோடு எங்கே போகும், 10 என்றால்? மைனஸ் 1 என்றால்? செங்குத்தாக நிற்கவைக்க m எவ்வளவு வேண்டும்?' என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் கோடு போட்ட பிறகு ஸ்லைடரைத் தொடட்டும். கடைசிக் கேள்விக்கு 100, 1000 என்று ஏற்றிக்கொண்டே போய், எவ்வளவு ஏற்றினாலும் நேராக நிற்கவில்லை என்று அவளே கண்டுபிடிக்கட்டும். இதை நீங்கள் கணக்குத் தெரியாமலேகூட நடத்தலாம். நீங்கள் கேட்க வேண்டியது 'அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிற?' என்ற ஒரே கேள்விதான்.

காணொளிப் பாடங்களைப் பற்றிச் சுருக்கமாக. நல்ல காணொளிகள் இருக்கின்றன, கான் அகாடமியுடையவை இலவசம், வரிசையாகவும் உள்ளன. சிக்கல் என்னவென்றால், இன்னொருவர் தெளிவாகப் போடுவதைப் பார்க்கும்போது நமக்கே தெரிந்துவிட்டதாக ஓர் உணர்வு வரும். கணக்கு எழுதிக் காட்டியவுடன் காணொளியை நிறுத்தி, நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஓடவிட்டால் அந்த உணர்வு உண்மையா என்று தெரிந்துவிடும். நிறுத்தாமல் பார்த்த காணொளியைப் படித்த கணக்கில் சேர்க்காதீர்கள். 'என் பிள்ளை பார்த்துக் கற்கிற வகை, அதனால் காணொளிதான் சரி' என்று சிலர் சொல்வார்கள். பிள்ளையின் கற்றல் பாணிக்கு ஏற்பச் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2008லேயே உளவியலாளர்கள் விரிவாக ஆராய்ந்து எழுதிவிட்டார்கள்.

சரி, செயற்கை நுண்ணறிவுக்கு வருகிறேன். இதில் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களிடம் நடந்தது, 2025இல் அச்சில் வெளியானது. ஒரு குழுவுக்கு ஜிபிடி-4 உரையாடல் கருவியை அப்படியே கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்களின் உதவியோடு அமைத்த கருவி. மூன்றாவது குழுவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். பயிற்சி நேரத்தில் மூன்றாவது குழுவைவிட முதல் குழு 48 சதவீதம், இரண்டாம் குழு 127 சதவீதம் மேலே போனது. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதல் குழு, கருவியே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் கீழே போனது. குறிப்பு மட்டும் தந்த கருவியில் அந்த இறக்கம் பெரும்பாலும் இல்லை, ஆனால் பெரிய ஏற்றமும் இல்லை. உங்கள் வீட்டில் 90ம் 40ம் நிற்பதைப் போலவே இல்லையா? யோசிக்கும் வேலையைக் கருவி எடுத்துக்கொண்டால் பயிற்சியில் மார்க் ஏறும், தேர்வில் இறங்கும். ஒரே ஆய்வு, ஒரு பள்ளி, சில வாரங்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நல்லபடி அமைத்த கருவியோடு ஒரு வருடம் படித்தால் என்ன ஆகும் என்பது இன்னும் திறந்த கேள்விதான்.

அதற்காகத் தொடவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கணக்கைக் கொடுத்து 'விடை சொல்' என்று கேட்பதற்குப் பதில், தான் போட்ட படிகளைக் கொடுத்துக் கேட்கவையுங்கள்: 'நான் ஏழாம் வகுப்பு. இது நான் போட்டது. விடையைச் சொல்லாதே, சரியாகப் போட்டுத் தராதே. எந்த வரியில் முதல் தவறு இருக்கிறது என்று மட்டும் சொல், நான் திருத்திக் காட்டுகிறேன்.' இப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஒழுங்காக நடந்துகொள்ளும். சில நேரம் சரியான வரியைத் தவறென்றும் சொல்லும், அதை அவளிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். 'அது தப்பா சொல்லுதுன்னு எப்படி நிரூபிப்ப?' என்று கேட்டால் நல்ல பயிற்சியாகவே ஆகிவிடும். சமன்பாடு என்றால் வந்த விடையைத் திரும்பப் பிரதியிட்டுப் பார்த்தால் போதும், யாரையும் கேட்க வேண்டாம். கேமராவைக் காட்டினால் கணக்குப் போட்டுத் தரும் செயலிகளுக்கும் இதே விதிதான்: தான் போட்டு முடித்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்.

இப்போது நோட்டு. டேப்லெட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இல்லாமல் கணக்குக்கு உட்காரவிடாதீர்கள். திரையில் விரலால் பின்னமும் அடுக்கும் எழுதுவது கஷ்டம், அதனால் பிள்ளைகள் மனதிலேயே போட்டு விடையை மட்டும் தட்டுகிறார்கள். படிகள் எங்கும் பதிவாகாது. படி இல்லாவிட்டால் தவறு எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. 2(x + 3) = 14 என்ற சமன்பாட்டுக்கு அவள் 5.5 என்று தட்டுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலி 'தவறு, மீண்டும் முயற்சி செய்' என்கிறது. அடுத்து 6 தட்டுவாள், அடுத்து 4. சரி, பச்சை! நோட்டில் எழுதியிருந்தால் முதல் வரியிலேயே 2x + 3 = 14 என்று இருந்திருக்கும். வெளியே உள்ள 2 அடைப்புக்குள் முதல் உறுப்பை மட்டும் பெருக்கியிருக்கிறது, 3ஐத் தொடவில்லை. இது கவனக்குறைவு கிடையாது, பங்கீட்டுப் பண்பு புரியவில்லை. இதைச் சரிசெய்ய இன்னும் ஐம்பது கணக்கு போடுவது வழியில்லை. நீளம் 2, அகலம் x + 3 என்று ஒரு செவ்வகம் வரைந்து, அதை x ஒரு பக்கம், 3 ஒரு பக்கம் என்று பிரித்துப் பரப்பைக் கேட்டால் பத்து நிமிடத்தில் புரியும். தவறான விடைக்குப் பின்னால் இருக்கும் வரியைப் பார்ப்பதுதான் ஆசிரியரின் வேலையிலேயே சிறந்த பகுதி. அந்த வரியைப் பெற்றோரும் பார்க்கலாம்.

விளையாட்டு வடிவச் செயலிகள், நட்சத்திரம், விடாமல் எத்தனை நாள் போட்டாள் என்ற எண்ணிக்கை போன்றவை நீண்ட நாளில் நல்லதா என்பதில் ஆதாரம் கலவையாகவே இருக்கிறது. தினமும் உட்காரவைக்கிறது என்றால் கொஞ்சம் இருக்கட்டும், அதுவே நோக்கமாகிவிட்டால் எடுத்துவிடுங்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம், அதற்கு மேல் எடை கொடுக்க வேண்டாம். 'உங்கள் பிள்ளைக்கேற்ப மாறும்' என்று எல்லாச் செயலிகளும் சொல்கின்றன. மாறுவது என்ன என்று பாருங்கள். தவறு செய்தால் அதே மாதிரி எளிதான கணக்கு ஒன்றைக் கொடுப்பது ஒன்று, அந்தத் தவறு எதனால் வந்தது என்று அறிந்து கீழ்வகுப்புப் பாடத்துக்குக் கூட்டிப்போவது வேறு. சந்தா கட்டும் முன் வேண்டுமென்றே 0.4ஐவிட 0.35தான் பெரியது என்பதுபோல நான்கு முறை தவறாக விடை சொல்லிப் பாருங்கள். செயலி இடமதிப்புக்குக் கூட்டிப்போகிறதா, இல்லை 'பரவாயில்லை, அடுத்த முறை!' என்று கைதட்டுகிறதா என்பதிலேயே அதன் தரம் தெரிந்துவிடும். பெற்றோருக்கான பக்கத்தில் சதவீதம் மட்டும் தெரிகிறதா, பிள்ளை கொடுத்த தவறான விடைகளே தெரிகின்றனவா என்பதையும் பாருங்கள். சதவீதத்தை வைத்து நீங்கள் எதுவும் செய்ய முடியாது.

உங்களுக்கு என் யோசனை: இப்போதைக்கு எதையும் புதிதாக வாங்க வேண்டாம். கடைசித் தேர்வின் விடைத்தாளை எடுத்து மகளோடு உட்காருங்கள், திட்டுவதற்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு. தவறிய ஒவ்வொரு கேள்வியையும் இப்போது நோட்டில் போடச் சொல்லி, போடும்போதே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இப்போது தானாகவே சரியாகப் போட்டுவிடுகிற கேள்விகளைத் தனியாக வையுங்கள், அவை நேரமின்மை அல்லது பதற்றம். எந்த முறை என்று தெரியாமல் நின்று, 'இது பின்ன வகுத்தல்' என்று நீங்கள் சொன்னவுடன் போட்டுவிடுகிறவை இரண்டாவது குவியல், அதற்கு மருந்து மேலே சொன்ன கலவைப் பயிற்சி. முறை சொன்ன பிறகும் தவறுகிறவை மூன்றாவது குவியல். அவை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பின்னம், தசமம், இடமதிப்பு ஆகியவற்றில் போய் நிற்பதைப் பெரும்பாலும் பார்ப்பீர்கள். அப்படி இருந்தால் செயலியில் ஏழாம் வகுப்பை மூடிவிட்டு ஐந்தாம் வகுப்பைத் திறங்கள். அவளுக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் அங்கே வேகமாக முன்னேறுவாள். தினமும் அரை மணி நேரம் போதும்: இருபது நிமிடம் நோட்டோடு செயலி, பத்து நிமிடம் அன்று தவறிய ஒரே ஒரு கணக்கை உங்களிடம் விளக்கிச் சொல்வது. மூன்றாவது குவியலின் பட்டியலை அவளுடைய கணக்கு ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். 'கணக்கு வரவில்லை' என்று சொல்லும் பெற்றோருக்கு என்னைப் போன்றவர்களால் ஆறுதல்தான் சொல்ல முடியும். 'அடைப்புக்குறிக்குள் இரண்டாவது உறுப்பைப் பெருக்காமல் விடுகிறாள்' என்று சொல்லும் பெற்றோரின் பிள்ளைக்கு மறுநாளே வகுப்பில் உதவ முடியும்.